இளவேனிலும் வடக்கு நோக்கிய பாயும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இளவேனில் தெற்கிலிருந்து வடக்கே படிப்படியாக நகர்ந்து செல்கிறது என்பதையும், அந்த நகர்வுக்கு அளந்து சொல்லக்கூடிய ஒரு வேகம் உண்டு என்பதையும் 1918-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒரு விதியாக வகுத்துக் கூறினார். மரங்கள் துளிர்ப்பதும் பயிர்கள் பூப்பதும் பூச்சிகள் வெளிப்படுவதும் எந்தெந்த இடத்தில் எப்போது நிகழ்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்த்த அவர், உயரமும் பிற சூழல்களும் ஒத்திருக்குமானால், வடக்கே ஒரு பாகை அட்சரேகைக்கு இளவேனில் சுமார் நான்கு நாள் தாமதமாக வருகிறது என்ற முடிவை எட்டினார். ஒரு பாகை என்பது 60 கடல் மைல் ஆகையால், அவருடைய கணக்குப்படி இளவேனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கடல் மைல் முன்னேறுகிறது; புளோரிடாவின் மியாமியிலிருந்து மெய்ன் மாநிலத்தின் பெனோப்ஸ்காட் விரிகுடா வரையுள்ள 18 பாகைகளைக் கடக்க அதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் தேவைப்படுகிறது.

இதே பாதையில்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏராளமான பாய்மரப் படகுகள் வடக்கே செல்கின்றன. குளிர்காலத்தை பஹாமாஸ் தீவுகளிலும் புளோரிடாவிலும் கழித்த சிறு படகுகள் இவை. பெரும்பாலும் ஒரு கணவனும் மனைவியும் மட்டுமே இருந்து செலுத்தும், பத்து முதல் பதினைந்து மீட்டர் நீளமுள்ள படகுகளே இவற்றில் மிகுதி. ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் முறைப்படி தொடங்குவதாலும், அதற்குப் பின் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கே இருக்கும் படகுகளுக்குப் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பதாலும், இந்தப் பயணத்துக்கு ஒரு கெடு உண்டு. கடல் வேகத்தின் அலகான நாட் என்பது ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஐந்து நாட் வேகத்தில், பகலில் பத்து மணி நேரம் மட்டுமே ஓடும் படகுகூட ஒரு நாளில் 50 கடல் மைல் கடந்துவிடும். இது இளவேனிலின் வேகத்தைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். மெதுவானது என்று கருதப்படும் பாய்மரப் படகுதான் இங்கே பருவத்தை முந்திக்கொண்டு குளிருக்குள் ஓடிவிடக்கூடிய வாகனம்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஹாப்கின்ஸ் அளந்தது நிலத்தின் இளவேனிலை. கடலின் இளவேனில் அதற்கும் பிந்தியது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம், அதே கன அளவுள்ள காற்றுக்குத் தேவையானதைவிட மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். அதோடு, கடலில் விழும் வெயில் மேற்பரப்பிலேயே தங்கிவிடாமல் ஆழத்துக்கு ஊடுருவுவதும், அலைகள் அந்த வெப்பத்தைக் கீழே கலந்துவிடுவதும் சேர்ந்து கடலைச் சூடேறத் தயங்கும் ஒரு பெரும் பொருளாக ஆக்குகின்றன. டிசம்பரில் பகல் மிகக் குறுகிப்போனாலும் கடல் தன் மிகக் குறைந்த வெப்பநிலையை அடைவது பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும்தான். எனவே ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையோரம் செல்பவர்கள் மூன்று நாட்காட்டிகளுக்கு நடுவே பயணம் செய்கிறார்கள் எனலாம்: சூரியன் கோடையை நெருங்கிவிடுகிறது, நிலம் இளவேனிலில் நிற்கிறது, நீர் இன்னும் குளிர்காலத்தைவிட்டு முழுமையாக வெளிவரவில்லை. காற்றும் அலையும் மூடுபனியும் இந்த முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றன. அதனால் இப்பயணத்தில் வேகத்தைவிடக் காலமறிதலே பெரிய திறமை.

படகின் வேகத்துக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நீரைப் பிளந்து செல்லும் படகு தன் முன்முனையில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் அது படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு படகு தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏற முயல வேண்டியிருப்பதால், காற்று எவ்வளவு பலமாக வீசினாலும் வேகம் பெரிதாக உயர்வதில்லை. பத்து மீட்டர் நீர்மட்ட நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை 7.7 நாட், நடைமுறைச் சராசரி ஐந்து அல்லது ஆறு நாட். இத்தகைய வாகனத்துக்கு, வடக்கே போகிற திசையிலேயே மூன்று நாட் வேகத்தில் ஓடும் கடல் கிடைக்குமானால் அது எத்தகைய பேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. புளோரிடாவின் கரையை ஒட்டி அப்படியொரு கடல் ஓடுகிறது.

ஹுவான் போன்ஸ் டி லியோன் என்ற ஸ்பானியர் 1513-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புளோரிடாவின் கிழக்குக் கரையோரம் தெற்கு நோக்கித் திரும்பியபோது, நல்ல காற்று பாய்களை நிறைத்திருந்தும் கப்பல்கள் முன்னேறாமல் பின்னோக்கி இழுக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. வளைகுடா நீரோட்டம் என்று பின்னர் பெயர்பெற்ற கடலாற்றைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துக் குறிப்பு இதுவே. அந்தப் பயணத்தில் கப்பலைச் செலுத்திய அன்டோன் டி அலமினோஸ் இந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. 1519-இல் மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குச் செல்லவேண்டி வந்தபோது, அவர் கப்பலைப் புளோரிடா நீரிணை வழியாகச் செலுத்தி, அந்த நீரோட்டத்தின் துணையோடு வடக்கே ஏறி அட்லாண்டிக்கைக் கடந்தார். தடையாக அறியப்பட்ட ஒன்று ஆறே ஆண்டுகளில் வழியாக மாறிய கதை இது.

அதை வரைபடமாக்கும் பணி இரண்டரை நூற்றாண்டு காத்திருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் துறைத் துணைத் தலைவராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினிடம், இங்கிலாந்திலிருந்து வரும் அஞ்சல் கப்பல்கள் வணிகக் கப்பல்களைவிட ஏன் இரண்டு வாரம் தாமதமாக வருகின்றன என்ற கேள்வி எழுப்பப்பட்டது. அவர் தம் உறவினரும் நான்டக்கெட் தீவின் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவருமான திமோத்தி ஃபோல்ஜரை வினவினார். திமிங்கிலங்கள் நீரோட்டத்தின் ஓரங்களில் திரிவதால் அதன் எல்லைகளை நன்கறிந்திருந்த ஃபோல்ஜர், அஞ்சல் கப்பல்கள் அறியாமல் அதை எதிர்த்து ஓடுவதே தாமதத்துக்குக் காரணம் என விளக்கி, அதன் போக்கை வரைந்தும் கொடுத்தார். 1769-ஐ ஒட்டி அச்சான அந்த வரைபடம் நெடுங்காலம் காணக்கிடைக்காமல் இருந்து, 1970-களின் இறுதியில் பிலிப் ரிச்சர்ட்சன் என்ற கடலியலாளரால் பாரிஸின் தேசிய நூலகத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. பிராங்க்ளின் அதோடு நிற்கவில்லை. 1775, 1776, 1785 ஆகிய ஆண்டுகளின் கடற்பயணங்களில் வெப்பமானியை நீரில் இறக்கி, வெப்பநிலை சட்டென உயரும் இடமே நீரோட்டத்தின் எல்லை என்று குறித்துச் சென்றார். பாசியைப் பார்த்து நீரோட்டத்தை ஊகித்த காலத்தில், ஒரு கண்ணாடிக் குழலால் அதைக் கண்டறியலாம் என்று காட்டியது பெரிய முன்னேற்றம்.

அட்லாண்டிக் பெருங்கடலின் காற்றுகள் நீரைச் சுழற்றுவது ஏறத்தாழச் சமச்சீரான முறையில்தான். இருந்தும் கடலின் மேற்கு ஓரத்தில் மட்டும் நீரோட்டம் இவ்வளவு குறுகலாகவும் வேகமாகவும் ஓடுவது ஏன் என்ற கேள்விக்கு 1948-இல் ஹென்றி ஸ்டொம்மெல் விடை கண்டார். பூமி சுழல்வதால் நகரும் நீரின் மீது ஏற்படும் பக்கவாட்டு விலகல், அதாவது கொரியோலிஸ் விளைவு, நிலநடுக்கோட்டில் சுழியாகவும் துருவத்தை நோக்கிச் செல்லச்செல்ல மிகுந்தும் இருக்கிறது. அது எல்லா அட்சரேகையிலும் ஒரே அளவாக இருந்திருந்தால் சுழற்சி சீராகவே இருந்திருக்கும் என்றும், அட்சரேகையோடு அது மாறுவதாலேயே வடக்கு நோக்கித் திரும்பும் நீர் முழுதும் மேற்குக் கரையில் நெருக்கப்படுகிறது என்றும் அவர் கணித வழியில் நிறுவினார். இதே காரணத்தால் வங்காள விரிகுடாவிலும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன், குறிப்பாக மார்ச், ஏப்ரல் மாதங்களில், இந்தியாவின் கிழக்குக் கரையோரம் வடக்கு நோக்கி ஒரு நீரோட்டம் ஓடுகிறது. ஆனால் பருவக்காற்று மாறும்போது அதுவும் திசை மாறிவிடுகிறது. அட்லாண்டிக்கின் நீரோட்டமோ ஆண்டு முழுவதும் நிற்பதில்லை.

புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் இடையேயுள்ள குறுகிய நீரிணை வழியாக அது வினாடிக்குச் சராசரியாக 3.2 கோடி கன மீட்டர் நீரைக் கொண்டுசெல்கிறது. உலகின் ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கடலில் கொட்டும் நீரைப்போல இது 25 மடங்குக்கும் அதிகம். இந்த அளவு பெறப்படும் முறையும் அறிந்து மகிழத்தக்கது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அது பூமியின் காந்தப்புலத்தின் ஊடே நகரும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. புளோரிடாவுக்கும் கிராண்ட் பஹாமா தீவுக்கும் இடையே கடலடியில் கிடக்கும் பழைய தொலைபேசிக் கம்பியில் அந்த மின்னழுத்தத்தை 1982 முதல் அளந்து, நீரோட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தை விஞ்ஞானிகள் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். பேச்சைக் கடத்தப் போடப்பட்ட ஒரு கம்பி கடலின் ஓட்டத்தைச் சொல்லும் கருவியாகிவிட்டது.

பாம் பீச் அருகே இந்த நீரோட்டம் கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே ஓடுவதால், மாலையில் புறப்படும் படகு இருட்டுவதற்குள் அதைத் தொட்டுவிடலாம். ஆறு நாட் வேகத்தில் ஓடும் படகு அதனுள் ஒன்பது நாட் வேகம் பெற்று, ஒரு நாளில் 200 கடல் மைலுக்கு மேல் வடக்கே சென்றுவிடுவது இக்கரையில் மட்டுமே வாய்க்கும் இன்பம். ஆயினும் இந்த உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்றும் அதே திசையில் வீச வேண்டும். வாடை எழுந்துவிட்டால் அதே நீரோட்டம் கிழக்குக் கரையின் மிகக் கொடிய இடமாக மாறிவிடுகிறது. அனுபவமுள்ள மாலுமிகள் காற்றின் திசையில் வடக்கின் சாயல் சற்று இருந்தாலும், அது வடகிழக்கோ வடமேற்கோ எதுவாயினும், நீரோட்டத்துக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

இது வெறும் அச்சம் அல்ல, கணக்கிட்டுக் காட்டக்கூடிய உண்மை. ஆறு வினாடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு ஓட்டமற்ற ஆழ்கடலில் 56 மீட்டர் நீளம் இருக்கும். முகட்டிலிருந்து முகட்டுக்கு அவ்வளவு இடைவெளி இருப்பதால் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள அலையின் மீது படகு சிரமமின்றி ஏறி இறங்கும். அதே அலை வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில், அதாவது ஏறக்குறைய மூன்று நாட் வேகத்தில், எதிர்த்து ஓடிவரும் நீருக்குள் நுழைந்தால் அதன் நீளம் 36 மீட்டராகக் குறுகுகிறது. அலையின் ஆற்றல் அழிந்துபோவதில்லை. குறுகிய இடத்தில் அது நெருங்கி அடுக்கப்படுவதால் உயரம் சுமார் 1.6 மடங்காகி, ஒன்றரை மீட்டர் அலை 2.4 மீட்டராக எழுகிறது. நீளம் குறைந்து உயரம் கூடும்போது அலையின் சரிவு முன்பிருந்ததைப்போல இரண்டரை மடங்காகிறது. சிறு படகைப் புரட்டுவது உயரத்தைவிடச் சரிவுதான். சிறு அலைகளின் நிலை இன்னும் விந்தையானது. ஆழ்நீரில் அலையின் ஆற்றல் அதன் முகட்டைவிடப் பாதி வேகத்தில்தான் பயணம் செய்கிறது என்பதாலும், எதிர்நீர் அந்த வேகத்தையும் குறைத்துக்கொண்டே வருவதாலும், முகட்டின் தொடக்க வேகத்தில் கால் பங்கு வேகமுள்ள எதிரோட்டமே அலையை முழுதாக நிறுத்திவிடப் போதுமானது. நான்கு வினாடி அலைகளுக்கு அந்த வரம்பு சரியாக மூன்று நாட். எனவே வாடை வீசும் நாளில் நீரோட்டத்தின் ஓரத்தில் அச்சிற்றலைகள் மேலே செல்ல முடியாமல் குவிந்து, உடைந்து, வெண்ணுரை மதிலாக நிற்பதைத் தொலைவிலிருந்தே காணலாம்.

வாடை எப்போது எழும் என்பதை அறிவதும் ஓரளவு கைகூடும் கலையே. வடக்கே செல்லும் தாழ்வழுத்த மையங்களின் வாலாக, குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு நிலத்திலிருந்து கடலை நோக்கி நகர்கிறது. இதற்குக் குளிர் முகப்பு என்று பெயர். அது நெருங்கும்போது காற்று தென்கிழக்கிலிருந்து தெற்காகவும் பிறகு தென்மேற்காகவும் வலஞ்சுழியாகத் திரும்புகிறது. முகப்பு கடந்த கணமே வடமேற்குக்குத் தாவி, அடுத்த ஓரிரு நாளில் வடக்கும் வடகிழக்குமாக நீடிக்கிறது. குளிர்காலத்தில் இந்த முகப்புகள் சில நாட்களுக்கு ஒன்றெனத் தொடர்ந்து வருவதால், இடையில் கிடைக்கும் தென்காற்று ஒரு பகலுக்கும் போதாது. இளவேனில் முதிரமுதிர, பெர்முடா தீவை ஒட்டி அமையும் உயரழுத்தம் வலுப்பெற்று அதன் மேற்கு விளிம்பில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்றை அனுப்புகிறது. முகப்புகளின் வேகமும் எண்ணிக்கையும் குறைகின்றன. மார்ச்சில் இருபது மணி நேரம் கிடைக்கும் வழி, மே மாதத்தில் மூன்று நான்கு நாள் நீள்கிறது. கெடுவுக்கு அஞ்சி மார்ச்சிலேயே புறப்படுவதைவிட ஒரு மாதம் காத்திருப்பது அறிவுடைமை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு உள்வழி ஒன்றும் உண்டு. மியாமியிலிருந்து வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரம் வரை, மணல் தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள காயல்களையும் ஆறுகளையும் வெட்டுக் கால்வாய்களால் இணைத்து அமைத்த, சுமார் 1,750 கிலோமீட்டர் நீளமுள்ள உள்நாட்டு நீர்வழி அது. அலையின் தொல்லை அதில் இல்லை. ஆனால் பாலங்களின் உயரமும், ஆழம் குறைந்த இடங்களும், ஓதமும் பயணத்தை ஆள்கின்றன. குறிப்பாக ஜார்ஜியாவின் கரையில் கடல் ஏறி வடியும் உயரம் இரண்டு மீட்டரைக் கடந்து மூன்றை நெருங்குகிறது. தெற்கே மியாமியில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. கண்டத்திட்டு, அதாவது கரையை அடுத்த ஆழமற்ற கடலடித் தளம், ஜார்ஜியாவுக்கு எதிரே நூறு கிலோமீட்டருக்கு மேல் அகன்றும், கரை உள்நோக்கி வளைந்தும் இருப்பதால் உள்ளே வரும் ஓதம் அங்கே குவிந்து உயர்கிறது. கடலிலிருந்து இந்தக் காயல்களுக்குள் நுழையும் முகத்துவாரங்களில் முன்பு சொன்ன அலைக் கணக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. வடியும் ஓதம் வெளியே பாயும் நேரத்தில் கிழக்குக் காற்று அலைகளை உள்ளே தள்ளுமானால், நீரோட்டத்தின் நடுவே எழும் அதே செங்குத்து அலைகள் முகத்துவாரத்தின் மணல்மேட்டின் மீது எழுகின்றன. ஆறு மணி நேரம் வெளியே நின்றுவிட்டு ஓதம் ஏறும்போது நுழைபவர், அதே வாயிலை அமைதியான நீராகக் காண்பார்.

வெளிவழியே செல்லும் படகுகளுக்கு இப்பயணத்தின் திருப்புமுனை வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனை. தெற்கே கரையைவிட்டு விலகி ஓடிய நீரோட்டம் இம்முனையை மறுபடி நெருங்கி வந்து, பின்னர் வடகிழக்கே திரும்பிப் பெருங்கடலுக்குள் போய்விடுகிறது. முனையிலிருந்து கடலுக்குள் பல மைல் நீளும் டைமண்ட் மணல்மேடுகளுக்கும் அந்த நீரோட்டத்துக்கும் இடையே எஞ்சியிருப்பது குறுகிய வழியே. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த கரையோர நீரும் தெற்கின் வெந்நீரும் இங்கே முட்டிக்கொள்வதால் வளிமண்டலத்திலும் வெப்ப வேறுபாடு கூர்மையாகி, குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் தாழ்வழுத்தங்கள் இதன் அருகே மிக விரைவாக வலுப்பெறுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெயர்பெற்ற மானிட்டர் என்ற இரும்புக் கப்பல் 1862 டிசம்பர் 31 அன்று இங்கேதான் புயலில் மூழ்கியது. அட்லாண்டிக்கின் இடுகாடு என்று மாலுமிகள் இப்பகுதியை அழைப்பதற்கு இதுபோல் பல நூறு கப்பல்கள் சான்று. மணலே இங்கு நிலைத்து நிற்பதில்லை. கடல் அரித்துக்கொண்டே வந்ததால் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கத்தை 1999-இல் அப்படியே பெயர்த்து, ஏறத்தாழ 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

ஹாட்டரஸைத் தாண்டியதும் கடலின் நிறம் மாறுகிறது. தெற்கே ஆழ்ந்த நீலமாக இருந்தது பச்சையும் சாம்பலும் கலந்ததாகிறது. வெப்பமானி சில மைல் தொலைவில் பத்து டிகிரி வரை இறங்குவதும் உண்டு. நீலம் என்பது நீரில் உயிர்ச்சத்து குறைவு என்பதன் அடையாளம். பச்சை என்பது மிதக்கும் நுண்பாசிகளின் நிறம். இங்கேயிருந்துதான் குளிர்ந்த நீரின் மீது வெதுவெதுப்பான காற்று என்ற இளவேனிலின் முரண்பாடு முழுமையாக வெளிப்படுகிறது. தெற்கிலிருந்து வரும் காற்று குளிர்நீரைத் தொட்டதும் அடியில் மெல்லிய குளிர்ப்படலம் ஒன்று உண்டாகிறது; கனமான அந்தப் படலம் மேலேயுள்ள காற்றோடு கலக்க மறுப்பதால், பாய்மரத்தின் உச்சியில் நல்ல காற்று வீசும்போதே நீர்மட்டத்தில் அசைவின்றி இருக்கிறது. உச்சியிலுள்ள காற்றுமானி பன்னிரண்டு நாட் காட்ட, பாயின் கீழ்ப்பாதி தொய்ந்து தொங்குவதைக் கண்டு குழம்பும் புதியவர்கள் பலர். இதற்கு நேர்மாறாக நிலத்தை ஒட்டிய பகுதியில், வெயிலில் காயும் மண்ணுக்கும் குளிர்ந்த கடலுக்கும் இடையே வேறுபாடு மிகுந்திருப்பதால், தெளிந்த நாட்களில் முற்பகலுக்குப் பின் கடற்காற்று வலுவாக எழுந்து மாலைவரை நீடிக்கிறது. கரையை நெருங்கிச் செல்பவருக்கு அதுவே துணை.

அடுத்து வடக்கே வரும் செசபீக் விரிகுடா பார்வைக்குக் கடலாகத் தோன்றினாலும் உண்மையில் அது மூழ்கிய ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கடந்த பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது சஸ்குவெஹன்னா ஆறு வெட்டிய பள்ளத்தில், பனி உருகிக் கடல் உயர்ந்தபோது நீர் புகுந்து நின்றது. ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த விரிகுடாவின் சராசரி ஆழம் ஏழு மீட்டருக்கும் குறைவு. இளவேனிலில் உள்நாட்டுப் பனியும் மழையும் சேர்ந்து ஆற்றில் பெருகி வரும்போது நீரின் உப்பு குறைவதோடு, மரக்கட்டைகளும் மிதந்துவந்து படகுகளின் அடிப்பாகத்தைத் தாக்குகின்றன. இங்கே ஏப்ரல் மாதத்தில் அரைக்கைச் சட்டையோடு படகில் அமர்ந்திருக்கலாம். ஆனால் தவறி விழுந்தால் நீரின் வெப்பநிலை 15 டிகிரிக்கும் குறைவு. குளிர்நீரில் விழுபவர்களைப் பற்றிக் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்த கோர்டன் கீஸ்பிரெக்ட், மிகக் குளிர்ந்த நீருக்கு ஒரு சுருக்கமான வாய்ப்பாட்டைக் கொடுத்தார். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அடுத்த பத்து நிமிடங்கள் வரையே கைகால்கள் பயன்படும். உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்க ஒரு மணி நேரம் ஆகலாம். குளிரில் உறைந்து சாவதைவிட முதல் நிமிடத்தில் நீரை விழுங்கிச் சாவதே மிகுதி என்பதுதான் இதன் உட்பொருள். இதமான வெயில் நாளில் மிதவை அங்கியைக் கழற்றிவைப்பது இளவேனிலின் மிகப் பெரிய தவறு. அந்த வெயில் காற்றைப் பற்றிச் சொல்கிறதே தவிர, நீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

செசபீக்கின் வடகோடியிலிருந்து 22 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கால்வாய் டெலவேர் ஆற்றுக்குள் இட்டுச் செல்கிறது. டெலவேர் விரிகுடாவின் கரைகளில் மே, ஜூன் மாதங்களின் அமாவாசை, பௌர்ணமி இரவுகளில், ஓதம் மிக உயரும் நேரம் பார்த்து, குதிரைலாட நண்டுகள் ஆயிரக்கணக்கில் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. அதே நாட்களில் தென் அமெரிக்காவின் தென்கோடியான டியெர்ரா டெல் ஃபுவேகோ வரை சென்று குளிர்காலம் கழித்த ஓர் உள்ளான் இனம் வந்து சேர்ந்து, அந்த முட்டைகளைத் தின்று இரண்டு வாரங்களில் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, ஆர்க்டிக் நிலத்துக்குப் பறந்து செல்கிறது. நண்டு முட்டையிடத் தொடங்குவதை முடிவு செய்வது நீரின் வெப்பமும் நிலவும். பறவை புறப்படுவதைத் தூண்டுவது தொலைதூரத்துப் பகல் நேரத்தின் மாற்றம். இரண்டும் வெவ்வேறு நாட்காட்டிகள். அவை ஒரு வாரம் பிசகினாலும் பறவைகள் இளைத்த உடலோடு வடக்கே போகவேண்டியிருக்கும்.

நியூ ஜெர்சியின் தாழ்ந்த மணற்கரை, நியூ யார்க்கின் கிழக்கு ஆறு, லாங் ஐலண்ட் நீரிணை ஆகியவற்றைக் கடந்தால் காட் முனைக் கால்வாய் வருகிறது. 1914-இல் திறக்கப்பட்ட அது மதகு ஏதுமில்லாத நேர்வழி. அதன் மேற்கே உள்ள பஸ்ஸார்ட்ஸ் விரிகுடாவில் ஓதம் சுமார் ஒரு மீட்டரும், கிழக்கே உள்ள காட் முனை விரிகுடாவில் இரண்டரை மீட்டருக்கு மேலும் ஏறுகிறது. இரண்டுக்கும் இடையே நேர வேறுபாடும் உண்டு. இரு முனைகளிலும் நீர்மட்டம் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதால், கால்வாய்க்குள் நீர் நான்கு நாட்டுக்கும் மேலான வேகத்தில் ஒரு திசையிலும் சில மணி நேரம் கழித்து எதிர்த்திசையிலும் பாய்கிறது. ஓத அட்டவணையைப் பாராமல் நுழையும் சிறு படகு, இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டியும் நின்ற இடத்திலேயே நிற்க நேரிடும்.

காட் முனை விரிகுடாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் கூடுகின்றன. 400-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ள இவை குளிர்காலத்தில் ஜார்ஜியாவுக்கும் வடகிழக்குப் புளோரிடாவுக்கும் எதிரே குட்டி ஈன்று, இளவேனிலில் கன்றுகளோடு வடக்கே வருகின்றன. படகுகள் செல்லும் அதே பாதை, அதே பருவம். ஏறத்தாழ 20 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பல்கள் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட மாதங்களில் பத்து நாட் வேகத்தைத் தாண்டக் கூடாதென்ற விதி 2008-இல் வந்தது. எந்தக் கலமாயினும் ஏறத்தாழ 460 மீட்டருக்குள் இவற்றை நெருங்கக் கூடாது. இவற்றின் உணவு கோப்பிபாட் என்ற, அரிசியளவே உள்ள மிதவை உயிரி. அந்த உயிரி நுண்பாசியைத் தின்று பெருகுவது. பாசியோ இளவேனிலின் வெயிலை நம்பியது. குளிர்காலத்தில் கடல் ஆழம்வரை கலங்கிக்கொண்டே இருப்பதால் பாசிகள் வெளிச்சத்தில் போதிய நேரம் தங்க முடிவதில்லை என்றும், வெயிலால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய வெப்பப்படலம் உருவானதும் அவை ஒளியிலேயே நிலைத்து மளமளவெனப் பெருகுகின்றன என்றும் நார்வேயின் ஹரால்டு ஸ்வெர்ட்ரூப் 1953-இல் விளக்கினார். பிற்காலத்தில் இந்த விளக்கத்தின் மீது மறுப்புகளும் திருத்தங்களும் எழுந்துள்ளன; ஆயினும் கடலின் இளவேனில் என்பது நீரின் அடுக்குகள் பிரிவதில் தொடங்குகிறது என்ற அதன் மையக் கருத்தைத் தவிர்த்துவிட்டு இப்பருவத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

மெய்ன் வளைகுடாவை ஜூன் தொடக்கத்தில் அடையும் படகுகளை வரவேற்பது மூடுபனி. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, நீரின் வெப்பநிலையைவிட உயர்ந்திருக்கும்போது, கடலைத் தொட்ட காற்று குளிர்ந்து தன் ஈரத்தை நுண்துளிகளாக விட்டுவிடுகிறது. நிலத்தின் மூடுபனியைப்போல் வெயில் ஏறியதும் இது கலைவதில்லை. நீர் குளிர்ந்திருக்கும்வரை, அந்தக் காற்று வீசும்வரை, பல நாட்கள் நீடிக்கும். காற்றின் பனிநிலையையும் நீரின் வெப்பநிலையையும் காலையில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பவர், மாலையில் பனி சூழுமா என்பதை வானிலை அறிக்கைக்குக் காத்திராமலே கணிக்கலாம்.

ஆனால் இந்தக் கணிப்புகளுக்கு அடிப்படையான நீரே மாறிவருகிறது. 2004 முதல் 2013 வரையிலான பத்தாண்டுகளில் மெய்ன் வளைகுடா உலகக் கடற்பரப்பின் 99 விழுக்காட்டைவிட வேகமாகச் சூடேறியதாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோப்பிபாட்கள் அங்கே குறையவே, 2010-க்குப் பின் ரைட் திமிங்கிலங்களில் ஒரு பகுதி கோடையில் இன்னும் வடக்கே, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குச் செல்லத் தொடங்கியது. அவை வரும் என்று எதிர்பாராத அந்த நீரில் அப்போது கப்பல்களுக்கு வேக வரம்பு இல்லை. நண்டு பிடிக்கும் கயிறுகளுக்கும் தக்க கட்டுப்பாடு இல்லை. 2017-ஆம் ஆண்டில் மட்டும் இரு நாடுகளின் கடல்களிலும் சேர்த்து 17 திமிங்கிலங்கள் இறந்தன. அவற்றுள் 12 கனடாவின் நீரில். அதன்பின்பே அங்கும் வேக வரம்பும் மீன்பிடித் தடைக் காலங்களும் விதிக்கப்பட்டன.